காய்ச்சல் போய்விட்டது, சொரியாசிஸ் ஏன் பொங்கிவிட்டது?

ஒரு சகோதரி நீளமான கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை எடுத்துவிட்டுச் சுருக்கமாகத் தருகிறேன்.

வயது 36, பள்ளி ஆசிரியை, 4 வயதில் ஒரு மகள். தோல் சிவந்து தடித்துச் செதிலாக உதிரும் நோயான சொரியாசிஸ் வந்து 11 வருடங்கள் ஆகின்றன. வாரம் ஒருமுறை மெத்தோட்ரெக்சேட் மாத்திரையும் கூடவே ஒரு களிம்புமாக, கடந்த 3 வருடங்கள் முழங்கையிலும் உச்சந்தலையிலும் சின்னத் திட்டுகளோடு அடங்கிக் கிடந்தது. 9 வாரங்களுக்கு முன்னால் தொண்டை வலியோடு காய்ச்சல். வைரஸ் காய்ச்சல்தான் என்று சொல்லி மருத்துவர் மாத்திரை கொடுத்தார், 5 நாளில் சரியாகிவிட்டது. காய்ச்சல் வந்த இரண்டாம் நாளே மெத்தோட்ரெக்சேட்டைத் தானாகவே நிறுத்தியவர், அப்புறம் அதைத் தொடங்கவே இல்லை. மூன்றாவது வாரத்தில் முதுகிலும் வயிற்றிலும் மழைத்துளி தெறித்ததுபோல் சிவப்புப் புள்ளிகள், பழைய திட்டுகளிலும் தடிப்பு. உறவினர் ஒருவர் தன்னிடம் மீதமிருந்த ஸ்டீராய்டு மாத்திரையைக் கொடுத்திருக்கிறார். 12 நாள் சாப்பிட்டதில் தோல் பளிச்சென்று ஆகிவிட்டது. நிறுத்திப் பத்து நாள்கூட ஆகவில்லை, முன்பைவிட இரண்டு மடங்காக வந்து நிற்கிறது. இப்போது எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும் என்று யாரோ கொடுத்த ஒரு பொடியைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்.

அவருடைய கேள்விகள் இவை. வைரஸ் தோலுக்குள்ளேயே தங்கிவிட்டதா? எதிர்ப்புச் சக்தி குறைந்துபோனதால்தான் இப்படி ஆனதா? மகளுக்கு ஒட்டுமா? (பயந்துபோய் ஒரு மாதமாக அவளைத் தனியாகப் படுக்க வைக்கிறார்.) விட்டுப்போன மெத்தோட்ரெக்சேட்டைச் சேர்த்து எடுத்துக்கொள்ளலாமா? ஃப்ளூ தடுப்பூசி போட்டால் மறுபடி பொங்குமா? கடிதத்தை முடித்துவிட்டுக் கீழே ஒரு வரி: "காலையில் விரல்களை மடக்க முடியவில்லை, சாக்பீஸ் பிடித்துப் பிடித்துத்தான் போல."

சகோதரி, முதலில் மகள் விஷயத்தைப் பேசிவிடுவோம், ஏனென்றால் மற்ற எதற்கும் ஒரு வாரம் காத்திருக்கலாம், இதற்கு ஒரு நாள்கூடக் காத்திருக்க வேண்டாம். சொரியாசிஸ் ஒட்டாது. கட்டிப்பிடித்தால் ஒட்டாது, ஒரே போர்வையில் படுத்தால் ஒட்டாது, உங்கள் தோலிலிருந்து உதிரும் செதில் அவள் மேல் விழுந்தாலும் ஒட்டாது, ஏனென்றால் அந்தச் செதிலில் கிருமி எதுவும் இல்லை, அவசர அவசரமாக வளர்ந்து உதிர்ந்த உங்கள் தோல்தான் அது. காய்ச்சல் இருந்த அந்த 5 நாள் உங்கள் சளியிலும் இருமலிலும் கிருமி இருந்தது, அது அவளுக்குத் தொற்றியிருக்கலாம், அந்த நாட்களில் தள்ளி இருந்தது சரி. காய்ச்சலோடு அந்தக் கதை முடிந்துவிட்டது. இந்த நோயில் மரபணுவுக்கு ஒரு பங்கு உண்டு என்பது உண்மை, ஆனாலும் அம்மாவுக்கோ அப்பாவுக்கோ சொரியாசிஸ் இருக்கும் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு அது வருவதே இல்லை, அவளைத் தள்ளிப் படுக்க வைப்பதால் அவளுடைய மரபணு மாறப்போவதும் இல்லை. இன்று இரவே அவளை உங்கள் பக்கத்தில் படுக்க வைத்துக்கொள்ளுங்கள்.

இனி உங்கள் முதல் கேள்விக்கு வருகிறேன். வைரஸ் உங்கள் தோலுக்குள் தங்கவில்லை. சாதாரண காய்ச்சல் வைரஸை உடல் சில நாட்களிலேயே வெளியேற்றிவிடும். அதை விரட்ட உடல் எழுப்பிய படைதான் வேலை முடிந்த பிறகும் கலையாமல் நிற்கிறது. வைரஸ் உள்ளே நுழைந்ததும் சில காவல் செல்கள் இன்டர்ஃபெரான் என்ற பொருளை நிறையச் சுரக்கும், வைரஸ் பெருகாமல் தடுக்க அது தேவை. சிக்கல் என்னவென்றால், சொரியாசிஸ் பொங்கத் தொடங்கும்போது தோலில் முதலில் ஒலிக்கும் மணிகளில் ஒன்றும் அதே இன்டர்ஃபெரான்தான். முன்பு ஹெபடைடிஸ் சி நோயாளிகளுக்கு இன்டர்ஃபெரானையே மருந்தாக ஊசி போட்டு வந்தோம், அப்போது சிலருக்கு இருந்த சொரியாசிஸ் மோசமானது, சிலருக்குப் புதிதாகவே வந்தது. காய்ச்சல் வைரஸ் எதுவும் நுழையாமலே, அந்த ஒரு பொருளாலேயே இதைச் செய்ய முடியும் என்று அதிலிருந்து புரிந்துகொண்டோம். அந்த மணி அடித்தவுடன் இன்டர்லூகின் 23, இன்டர்லூகின் 17 என்று வரிசையாக மற்ற சமிக்ஞைகள் கிளம்பும், தோல் செல்கள் மேலே வந்து உதிர வழக்கமாக எடுத்துக்கொள்ளும் ஏறத்தாழ 4 வாரம் சில நாட்களாகச் சுருங்கிவிடும், தடிப்பும் செதிலும் அதனால்தான்.

பழைய முழங்கைத் திட்டு அதே இடத்தில் ஏன் தடித்தது என்றும் உங்களுக்குத் தோன்றும். திட்டு மறைந்தாலும் அந்த இடத்துத் தோலில் நினைவு செல்கள் என்று ஒரு கூட்டம் பல வருடங்கள் குடியிருக்கும். பார்வைக்குச் சுத்தமான தோல், உள்ளே விழித்திருக்கும் ஆட்கள். உடலில் எங்கே கலவரம் நடந்தாலும் முதலில் எழுந்து நிற்பது அவர்கள்தான்.

இதிலேயே உங்கள் இரண்டாவது கேள்விக்கும் பதில் இருக்கிறது. எதிர்ப்புச் சக்தி குறைந்ததால் இது வரவில்லை. ஒரு திசையில் அளவுக்கு மீறி விழிப்பாக இருப்பதால் வருகிறது. எங்களிடம் வருபவர்களில் பாதிப் பேருக்கு மேல் இதைத் தலைகீழாகத்தான் நம்பிக்கொண்டு வருகிறார்கள், அவர்களைக் குறை சொல்லவும் முடியாது, எதற்கெடுத்தாலும் எதிர்ப்புச் சக்தி குறைவு என்று சொல்லிப் பழகிவிட்ட காலம் இது. நாங்கள் தரும் மெத்தோட்ரெக்சேட் அந்தப் படையைக் கொஞ்சம் உட்கார வைக்கும் மருந்து. ஒரு கையால் உட்கார வைத்துக்கொண்டு இன்னொரு கையால் எழுப்பிவிடும் பொடியைச் சாப்பிடுவதில் அர்த்தம் இல்லை. அந்தப் பொடிகள் சொரியாசிஸுக்கு நல்லது செய்யும் என்பதற்கு நம்பத்தகுந்த சான்றும் இல்லை. என்ன சேர்த்திருக்கிறார்கள் என்று டப்பாவில் எழுதாத பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருப்பதையும் மருத்துவர்கள் பல முறை பார்த்திருக்கிறோம். இன்றே நிறுத்துங்கள், ஆனால் டப்பாவைத் தூக்கிப் போட வேண்டாம், மருத்துவரிடம் காட்ட வேண்டும். தப்பித்தவறி அதில் ஸ்டீராய்டு இருந்து, நிறுத்தியதும் தோல் இன்னும் சிவந்தாலோ, மயக்கம், வாந்தி, அதிக அசதி வந்தாலோ அன்றே மருத்துவரைப் பாருங்கள்.

இதில் மூன்று அடி விழுந்திருக்கிறது

காய்ச்சல்தான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று நினைக்கிறீர்கள். நீங்கள் எழுதியிருக்கும் தேதிகளை வரிசையாக வைத்துப் பார்த்தேன், எனக்கு அப்படித் தெரியவில்லை.

முதல் அடி காய்ச்சல், சந்தேகமில்லை. இரண்டு மூன்று வாரம் கழித்துச் சின்னச் சின்னத் துளிகளாக உடம்பு முழுக்க வருவது தொற்றுக்குப் பின் வரும் சொரியாசிஸின் தனி அடையாளம். ஆனால் இங்கே ஒரு சின்னத் திருத்தம். துளித்துளியாக வரும் இந்த வகைக்கு நாங்கள் முதலில் சந்தேகிப்பது வைரஸை அல்ல, தொண்டையில் வரும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற பாக்டீரியாவை. உங்களுக்குத் தொண்டை வலி இருந்தது, தொண்டையில் மாதிரி எடுத்துப் பார்த்ததாக எழுதவில்லை. 'வைரஸ் காய்ச்சல்' என்பது பல நேரம் சோதித்துச் சொல்வதல்ல, அனுபவத்தில் சொல்வது, பெரும்பாலும் சரியாகவும் இருக்கும். ஃப்ளூ, கோவிட், சிக்குன்குனியா, சாதாரண சளிக் காய்ச்சல் எதற்குப் பின்னாலும் சொரியாசிஸ் பொங்கலாம், அதனால் வைரஸ் இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. தொண்டை வலி இன்னும் இருந்தால் மாதிரி எடுத்துப் பார்க்கலாம், அது போய்விட்டிருந்தாலும் ஏ.எஸ்.ஓ. என்ற ரத்தப் பரிசோதனை பழைய ஸ்ட்ரெப் தொற்றைக் கொஞ்சம் காட்டிக்கொடுக்கும். ஸ்ட்ரெப் இருந்தால் அதற்கு ஆன்டிபயாடிக் தேவை. வைரஸ் என்றால் ஆன்டிபயாடிக்கால் ஒரு பயனும் இல்லை. எந்தத் தொற்றாக இருந்தாலும் தோலுக்கான சிகிச்சையைத் தனியாகத்தான் செய்ய வேண்டும்.

இரண்டாவது அடி, மெத்தோட்ரெக்சேட் 2 மாதமாக நின்றுபோனது. காய்ச்சல் நேரத்தில் நிறுத்தியதற்காக நீங்கள் வருத்தப்பட வேண்டாம், நல்ல காய்ச்சல் அடிக்கும்போதும் ஆன்டிபயாடிக் எடுக்கும்போதும் அந்த வாரத்து மாத்திரையைத் தள்ளிப்போடுங்கள் என்று நாங்களே சொல்வது வழக்கம். ஆனால் குணமானதும் மருத்துவரைக் கேட்டு மறுபடி தொடங்கியிருக்க வேண்டும். அதை யாரும் உங்களுக்கு எடுத்துச் சொல்லவில்லை என்று கடிதத்திலேயே தெரிகிறது.

மூன்றாவது அடிதான் பெரிய அடி, ஸ்டீராய்டு மாத்திரை. சொரியாசிஸ்காரர்கள் தோலுக்காக ஸ்டீராய்டை மாத்திரையாகச் சாப்பிட்டுத் திடீரென்று நிறுத்தினால் நோய் எதிர்த்துத் திரும்பி வரும், சிலருக்கு உடம்பு முழுக்கச் சிவந்துபோகும் நிலைக்கும், சீழ்க்கொப்புளம் வரும் வகைக்கும்கூடக் கொண்டுபோய்விடும். அந்த 12 நாள் கிடைத்த பளிச்சென்ற தோலுக்கு இப்போது வட்டி கட்டுகிறீர்கள். இதைச் சொல்வது உங்களைக் குற்றவாளி ஆக்க அல்ல. உறவினர் நல்ல மனதோடுதான் கொடுத்திருப்பார், அரிப்பில் ராத்தூக்கம் இல்லாதவர் எதையும் வாங்கி விழுங்கத்தான் செய்வார். இன்னொரு முறை 'அப்போது நன்றாகக் கேட்டதே' என்று அதே மாத்திரைக்குக் கை போய்விடக் கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். வேறு ஏதாவது நோய்க்காக மருத்துவர் ஸ்டீராய்டு மாத்திரை எழுதினால் அது வேறு விஷயம், அப்போது உங்களுக்குச் சொரியாசிஸ் இருப்பதைச் சொல்லிவிடுங்கள், அவர் அளவைக் குறைத்துக்கொண்டே வந்து நிறுத்துவார்.

இப்போது என்ன செய்வது

இந்த வாரத்துக்குள் உங்கள் தோல் மருத்துவரை நேரில் பாருங்கள். கடிதத்தை வைத்துக்கொண்டு மருந்து எழுதக் கூடாது, எழுதவும் மாட்டேன், ஆனால் அங்கே என்ன பேச்சு வரும் என்று சொல்லிவைக்கிறேன்.

விட்டுப்போன மெத்தோட்ரெக்சேட்டைச் சேர்த்து எடுக்கவே கூடாது. இது வாரத்துக்கு ஒருமுறை மட்டும் எடுக்க வேண்டிய மருந்து, தவறிப்போய் தினமும் சாப்பிட்டு ரத்த அணுக்கள் சரிந்து உயிருக்கே ஆபத்தானவர்கள் உண்டு. வாரத்தில் ஒரு கிழமையை முடிவு செய்து மாத்திரை அட்டையிலேயே எழுதிவையுங்கள். மறுபடி தொடங்கும் முன் ரத்த அணுக்கள், கல்லீரல், சிறுநீரகம் பார்ப்பார்கள், ஹெபடைடிஸ் பி, சி பரிசோதனையும் கேட்கலாம். அடங்கியிருந்த சொரியாசிஸ் திடீரென்று இவ்வளவு பெரிதாக வந்தால் எச்.ஐ.வி. பரிசோதனையும் செய்துவிடலாம் என்று சில மருத்துவர்கள் சொல்வார்கள். மனம் புண்பட வேண்டாம், உங்கள் ஒழுக்கத்தைப் பற்றிய கேள்வி அல்ல அது. அந்த வைரஸும் சொரியாசிஸைக் கடுமையாக்கும் என்பதால் பார்க்கிறோம். இரண்டாவது குழந்தைக்கு யோசனை இருந்தால் வாயைத் திறந்து சொல்லுங்கள், கர்ப்பத்தில் மெத்தோட்ரெக்சேட் கூடவே கூடாது, குறிப்பிட்ட காலம் முன்பே நிறுத்திவிட்டு வேறு வழி பார்ப்பார்கள்.

மருந்துக்கு வேறு வழியே இல்லை என்றும் நினைக்க வேண்டாம். துளித்துளியாக உடம்பெல்லாம் பரவியிருக்கும்போது ஒவ்வொன்றுக்கும் களிம்பு தடவி மாளாது, அதற்குப் புற ஊதாக் கதிர் சிகிச்சை நன்றாகக் கேட்கும். 311 நானோமீட்டர் அலைநீளத்தில் வாரம் 2, 3 முறை கொடுப்பார்கள், கர்ப்பத்திலும் கொடுக்கக்கூடிய சிகிச்சை அது. தடித்த திட்டுகளுக்கு வைட்டமின் டி வகைக் களிம்பும் ஸ்டீராய்டு களிம்பும் உண்டு. ஸ்டீராய்டு மாத்திரை வேண்டாம் என்றுதான் சொன்னேன், களிம்பை மருத்துவர் சொன்ன இடத்தில், சொன்ன நாள் வரை தாராளமாகப் போடலாம், வீரியமான களிம்பை உடம்பு முழுக்க மாதக்கணக்கில் தேய்ப்பதுதான் தவறு. எதுவும் கேட்காமல் போனால், நோயைக் கிளப்பும் சமிக்ஞைகளையே குறிவைத்துத் தடுக்கும் பயோலாஜிக் ஊசிகள் இருக்கின்றன, காசநோய் பரிசோதனைக்குப் பிறகு தருவார்கள். அதுவரை வீட்டில் செய்ய வேண்டியது இவ்வளவுதான்: குளித்து ஈரம் காயும் முன்பே மாய்ஸ்சரைசரைத் தாராளமாகப் பூசுங்கள், செதிலைப் பிய்க்காதீர்கள், சொறியாதீர்கள். கீறல் விழுந்த இடத்தில் புதிய திட்டு முளைப்பது இந்த நோயின் குணம், 19-ஆம் நூற்றாண்டிலேயே கோப்னர் என்ற ஜெர்மன் மருத்துவர் எழுதிவைத்த குணம்.

தொற்றுக்குப் பின் துளித்துளியாக வருவது பலருக்குச் சில மாதங்களில் தானாகவே வடிந்துவிடும். உங்களுக்கு ஏற்கெனவே திட்டு வகை இருப்பதால் முழுதும் மறையும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன், ஆனால் காய்ச்சலுக்கு முன் இருந்த அந்த அடங்கிய நிலைக்குத் திரும்ப நல்ல வாய்ப்பு இருக்கிறது.

ஒன்றை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். தோல் ஏறத்தாழ முழுவதும் சிவந்து சூடாகிவிட்டாலோ, குளிர் நடுக்கம் வந்தாலோ, சிவந்த தோலில் ஊசிமுனை அளவு சீழ்ப் புள்ளிகள் கூட்டமாகக் கிளம்பினாலோ, கால் வீங்கினாலோ, வாரக்கணக்கு பார்க்காமல் நேராக மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போங்கள். ஸ்டீராய்டு நிறுத்திய கொஞ்ச நாட்களுக்குள் இருப்பதால் உங்களுக்கு இதைத் தனியாகச் சொல்கிறேன்.

அடுத்த காய்ச்சல் வரும்போது

வரும், அதைத் தடுக்க முடியாது, வகுப்பு நிறையப் பிள்ளைகளோடு இருக்கிறீர்கள். அதற்கு ஒரு திட்டம் கையில் இருக்க வேண்டும், இந்த முறை உங்களிடம் இல்லாமல் போனது அதுதான். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் போதும். மெத்தோட்ரெக்சேட் எடுப்பவர்கள் இபுப்ரோஃபென் மாதிரி வலி மாத்திரைகளைத் தாங்களாக வாங்கிப் போடக் கூடாது, அதிலும் காய்ச்சலில் உடல் நீர்வற்றிக் கிடக்கும்போது கூடவே கூடாது. அன்றே தோல் மருத்துவரைத் தொலைபேசியில் கூப்பிட்டு, இந்த வார மாத்திரை போடலாமா, எப்போது மறுபடி தொடங்குவது என்று இரண்டு கேள்வியையும் சேர்த்துக் கேளுங்கள். காய்ச்சலுக்குப் பார்க்கும் மருத்துவர் வேறொருவர் என்றால் உட்கார்ந்ததும் முதல் வாக்கியமாக 'எனக்குச் சொரியாசிஸ், மெத்தோட்ரெக்சேட் எடுக்கிறேன்' என்று சொல்லிவிடுங்கள். கோட்ரைமாக்சசோல் என்ற ஆன்டிபயாடிக்கும் மெத்தோட்ரெக்சேட்டும் சேரவே கூடாது, ரத்த அணுக்களைப் படுக்க வைத்துவிடும். குளோரோகுயின், ஹைட்ராக்சிகுளோரோகுயின் மாத்திரைகள் சிலருக்குச் சொரியாசிஸைக் கிளப்பிவிடும், ரத்த அழுத்தத்துக்கும் படபடப்புக்கும் தரும் பீட்டா பிளாக்கர்களும் அப்படித்தான், அதனால் இவற்றை எழுதினால் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். காய்ச்சல் போன பிறகு மூன்று வாரம் தோலின் மேல் ஒரு கண் இருக்கட்டும், முதல் நாலைந்து துளி தெரியும்போதே மருத்துவரிடம் போனால் கொஞ்சத்தோடு அடக்கிவிடலாம்.

தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள். ஊசியாகப் போடும் ஃப்ளூ தடுப்பூசியில் உயிருள்ள வைரஸ் இல்லை, மெத்தோட்ரெக்சேட் எடுப்பவர்களும் போடலாம். தடுப்பூசிக்குப் பின் அபூர்வமாகச் சிலருக்குச் சொரியாசிஸ் கூடியிருக்கிறது, ஒளிப்பானேன், ஆனால் நிஜக் காய்ச்சல் என்ன செய்யும் என்று இப்போதுதான் பார்த்தீர்கள், இரண்டையும் எடைபோட்டால் நான் ஊசியின் பக்கம்தான் நிற்பேன். தற்போதைய கொந்தளிப்பு அடங்கும் வரை ஒரு சில வாரம் பொறுக்கலாமா என்று மட்டும் மருத்துவரிடம் கேளுங்கள். மூக்கில் தெளிக்கும் ஃப்ளூ தடுப்பு மருந்து வேறு, அதில் பலவீனமாக்கிய உயிருள்ள வைரஸ் இருக்கிறது, அதுபோன்ற உயிர் தடுப்பூசிகளை மெத்தோட்ரெக்சேட் எடுக்கும்போது கேட்காமல் போடக் கூடாது.

அந்தக் கடைசி வரி

முழுக் கடிதத்திலும் என்னை நிறுத்தியது போகிற போக்கில் நீங்கள் எழுதிய அந்த ஒரு வரிதான். விரல்கள் காலையில் மடங்க மறுப்பதற்குச் சாக்பீஸைக் காரணம் சொல்லியிருக்கிறீர்கள். வேலையால் வரும் வலி வேலை செய்யச் செய்யத்தான் கூடும், ஓய்வெடுத்தால் குறையும். தூங்கி எழுந்ததும் இறுகிக் கிடந்து, அசைக்க அசைக்க இளகினால் அது மூட்டுக்குள் அழற்சி இருப்பதைக் காட்டலாம். சொரியாசிஸ் உள்ளவர்களில் ஒரு கணிசமான பங்கினருக்கு மூட்டிலும் இந்த நோய் இறங்குகிறது, 100 பேரில் 30 பேர் வரை என்று சொல்கிறார்கள், தோலில் திட்டு கொஞ்சமாக இருப்பவர்களுக்கும் வரும். தோல் திட்டு தழும்பில்லாமல் மறைந்துவிடும், மூட்டு அரித்துவிட்டால் பழையபடி ஆகாது, அதனால் அவசரம் அதில்தான் இருக்கிறது. மெத்தோட்ரெக்சேட் இதுவரை உங்களுக்குத் தெரியாமலே மூட்டையும் பிடித்து வைத்திருந்து, நிறுத்தியதும் இது தலைகாட்டியிருக்கவும் கூடும்.

நாளைக் காலையிலிருந்து ஒரு தாளில் எழுதுங்கள்: எழுந்த நேரம், விரல்கள் இளகிய நேரம். இடைவெளி அரை மணிக்கு மேல் போகிறதா, எந்த விரலாவது முழுதாக வீங்கியிருக்கிறதா, நகத்தில் ஊசியால் குத்தியதுபோல் சின்னக் குழிகள் இருக்கின்றனவா, காலையில் முதல் அடி வைக்கும்போது குதிகால் வலிக்கிறதா என்று பாருங்கள். அந்தத் தாளையும், ஸ்டீராய்டு மாத்திரை அட்டையையும், பொடி டப்பாவையும், புள்ளிகள் வந்ததிலிருந்து கைபேசியில் எடுத்த படங்கள் இருந்தால் அவற்றையும் எடுத்துக்கொண்டு போங்கள். தோலைக் காட்டி முடித்து எழுந்திருக்கும்போது அல்ல, உட்கார்ந்தவுடனே விரல்களைப் பற்றிச் சொல்லுங்கள், மூட்டு மருத்துவரையும் பார்க்க வேண்டுமா என்று நேரடியாகக் கேளுங்கள்.